அப்பா அம்மா, குழந்தைகளோடு நாஷ்வில்லில் ஒரு கன்ட்ரி கச்சேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் கோடை விடுமுறை வந்தாலே எனக்குத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். அட்லான்டாவிலோ சிகாகோவிலோ இருக்கும் நண்பர், "இவ்வளவு தூரம் வர்றோம், ஒரு கன்ட்ரி கச்சேரியாவது பார்த்துட்டுப் போகணும், எங்கே போறது?" என்பார். அப்புறம் வரிசையாக அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாடகர் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கும் வழக்கத்தை இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். கூட வருபவர்களின் முழங்கால், காது, தூங்கும் நேரம் இந்த மூன்றையும் பார்த்து அரங்கைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு எங்கே போனாலும் நன்றாகத்தான் இருக்கும்.

நாங்கள் கன்ட்ரி பாட்டே கேட்டதில்லை. எங்களுக்கு ஒத்துவருமா?

வரும். இது கிராமத்து இசை. டென்னசி, வர்ஜீனியா, கென்டக்கி மலைப்பக்கம் குடியேறிய ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்காரர்கள் கொண்டுவந்த ஃபிடில் மெட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் ஊர்ச் சுரைக்குடுக்கை வாத்தியங்களின் நினைவில் செய்துகொண்ட பாஞ்சோ, தேவாலயப் பாட்டு, புளூஸ் எல்லாம் கலந்து வந்தது. 1927 கோடையில் ரால்ஃப் பியர் என்ற ஒலிப்பதிவாளர் டென்னசியும் வர்ஜீனியாவும் சந்திக்கும் பிரிஸ்டல் என்ற ஊருக்குக் கருவிகளோடு வந்து உள்ளூர்க்காரர்களைப் பாடவைத்துப் பதிவு செய்தார். கன்ட்ரி இசையின் முதல் நட்சத்திரங்களான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அந்தப் பதிவில்தான் உலகுக்குத் தெரிந்தார்கள்.

ஃபிடில் என்று அவர்கள் சொல்வது நம் வயலின்தான். நம் வித்வான்கள் தரையில் உட்கார்ந்து காலில் ஊன்றி வாசிப்பதை இவர்கள் நின்றுகொண்டு, சில சமயம் ஆடிக்கொண்டே வாசிப்பார்கள். அழுவதுபோல் இழுத்து இழுத்து ஒலிக்கும் வாத்தியம் ஸ்டீல் கிடார். ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. மேசை மாதிரி படுக்கவைத்து, இரும்புத் துண்டை நரம்பின் மேல் நகர்த்தி வாசிப்பார்கள். அதை முதல்முறை பார்த்ததும் என் அப்பா, "இது நம்ம கோட்டுவாத்தியம் மாதிரில்ல இருக்கு" என்றார். நரம்பை விரலால் அழுத்தாமல் ஒரு கட்டையை வழுக்கி வாசிப்பதில் இரண்டும் ஒரே ஜாதி. அன்று இரவு முழுக்க அப்பாவின் கண் அந்த ஒரு மனிதரை விட்டு நகரவில்லை. பாடகர் யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

எந்த அரங்குக்குப் போவது?

பெற்றோர், குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து வருகிறீர்கள், ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் கிராண்ட் ஓல் ஆப்ரி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பெற்றோருக்கு நன்றாக நடக்கமுடியும், பழைய கட்டடங்கள் பிடிக்கும் என்றால் ரைமன் அரங்கம். பாட்டை மட்டும் கேட்கவேண்டும், கணவன் மனைவி இரண்டு பேர்தான் என்றால் புளூபேர்ட் கஃபே. கல்லூரிப் பிள்ளைகள் கூட இருந்தால் ஸ்டேடியம். ஒவ்வொன்றையும் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஆப்ரி என்றால் ஓபராவா?

ஓபராவைக் கிண்டல் செய்து வைத்த பெயர். 1925 நவம்பர் 28ஆம் தேதி, டபிள்யூ.எஸ்.எம். என்ற நாஷ்வில் வானொலியில் 77 வயது ஜிம்மி தாம்ப்ஸன் ஃபிடில் வாசித்ததிலிருந்து இந்த நிகழ்ச்சி தொடங்குகிறது. அப்போது அதற்குப் பெயர் 'பார்ன் டான்ஸ்', அதாவது தொழுவத்து நடனம். இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு, இதற்கு முந்தைய நிகழ்ச்சியில் செவ்வியல் இசையும் ஓபராவும் ஒலிபரப்பாகி முடிந்தன. அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே ஒலிவாங்கியைப் பிடித்து, இவ்வளவு நேரம் கிராண்ட் ஓபரா கேட்டீர்கள், இனி கிராண்ட் ஓல் ஆப்ரி என்றார். பட்டிக்காட்டு உச்சரிப்பில் சொன்ன அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வானொலியை நடத்தியது ஒரு காப்பீட்டு நிறுவனம். டபிள்யூ.எஸ்.எம். என்ற மூன்று எழுத்தே 'வீ ஷீல்ட் மில்லியன்ஸ்', அதாவது 'லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்' என்ற அவர்களுடைய விளம்பர வாசகத்தின் சுருக்கம்தான். பாலிசி விற்க ஆரம்பித்த நிகழ்ச்சிக்கு 2025இல் நூறு வயது நிறைந்தது.

ஆப்ரியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

இதுதான் குடும்பத்தோடு போக ஆப்ரியே சரி என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம். ஒரே பாடகர் இரண்டரை மணி நேரம் பாடுவதில்லை. ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு. எண்பதை நெருங்கும் பழைய ஆள் ஒருவர், நேற்று பெயர் எடுத்த பொண்ணு ஒருத்தி, பாஞ்சோவும் ஃபிடிலும் வேகமாக வாசிக்கும் புளூகிராஸ் குழு ஒன்று, நடுவில் ஒரு நகைச்சுவைக்காரர், சில நாட்களில் ஜோடி ஜோடியாகச் சதுரமாக நின்று ஆடும் சதுர நடனக் குழு. ஒருவர் பிடிக்கவில்லை என்றால் பத்து நிமிஷம் பொறுத்துக்கொண்டால் போதும், அடுத்தவர் வந்துவிடுவார். எட்டு வயதுப் பேரனுக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும் ஒரே இரவில் ஆளுக்கொன்றாவது பிடித்துப்போகும்.

நிகழ்ச்சி இன்றும் வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகிறது. அதனால் மேடை ஓரத்தில் ஒரு அறிவிப்பாளர் நின்றுகொண்டு பாடகரை அறிமுகப்படுத்துவார், விளம்பரத்தையும் அங்கேயே வாசிப்பார். பின்னால் சிவப்பு நிறத் தொழுவம் ஒன்றின் படம். ஆட்கள் மேடையில் குறுக்கே நடந்துகொண்டிருப்பார்கள். முதலில் இது என்ன சந்தைக்கடை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். சிறுவயதில் திருச்சி வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது சீக்கிரமே பிடித்துவிடும். வானொலிப் பெட்டிக்குள்ளே போய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று என் மாமியார் சொன்னார். அதைவிட நன்றாக என்னால் சொல்லமுடியாது.

எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம். நடுவில் இடைவேளை உண்டு. பெரியவர்களை பாத்ரூமுக்குக் கூட்டிப்போவதென்றால் இடைவேளைக்கு ஒரு பாட்டு முன்னாலேயே எழுந்துவிடுங்கள்.

மேடை நடுவில் ஒரு மரவட்டம் இருக்கிறதே, அது என்ன?

ஆப்ரி 1943 முதல் 1974 வரை ரைமன் அரங்கத்தில் நடந்தது. புதிய கட்டடத்துக்கு மாறும்போது பழைய மேடையிலிருந்து ஆறடி அகலத்துக்கு வட்டமாக மரத்தை அறுத்து எடுத்துவந்து புதிய மேடையின் நடுவில் பதித்தார்கள். பாடுகிறவர்கள் அதன் மேல் நின்றுதான் பாடுவார்கள். முதல்முறை வரும் இளைய பாடகர்கள் சிலர் அந்த வட்டத்தில் கால் வைத்ததும் பேச்சு வராமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அது விசித்திரமாகத் தெரியாது, சபைக்கு முன் சலங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரிலிருந்து வந்தவர்கள்தானே நாம்.

2010 மே மாதம் கம்பர்லாந்து ஆறு பெருகி அரங்கத்துக்குள் புகுந்தது. மேடைக்கு மேலேயே ஏறக்குறைய நாலடித் தண்ணீர். வடிந்தபின் அந்த வட்டத்தைக் கழற்றி உலர்த்திச் சீர்செய்து மறுபடி பதித்தார்கள். செப்டம்பர் கடைசியில் அரங்கம் மறுபடி திறந்தது.

பகலில் மேடைக்குப் பின்புறம் சுற்றிக்காட்டும் சுற்றுலா இருக்கிறது. அதில் போனால் நீங்களும் வட்டத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கச்சேரி டிக்கெட்டோடு இதையும் சேர்த்து வாங்குங்கள்.

ரைமன் எப்படி?

அழகு என்றால் அதுதான். தாமஸ் ரைமன் என்ற படகு முதலாளி, சாம் ஜோன்ஸ் என்ற பிரசங்கியின் பேச்சைக் கேட்டு மனம் மாறி, ஊர் கூடிப் பிரசங்கம் கேட்கக் கட்டிய மண்டபம். 1892இல் திறந்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், வளைந்த மர பெஞ்சுகள் எல்லாம் இன்றும் இருக்கின்றன. சுமார் 2,300 பேர் உட்காரலாம். ஒலி அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஒலிபெருக்கி இல்லாமல் ஒருவர் பாடினாலும் மாடிக்குக் கேட்கும்.

ஆனால் பெஞ்சு பெஞ்சுதான். கைப்பிடி கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் பருமன் என்றால் நம் பாடு நெருக்கடி. மாடிக்குப் படியேற வேண்டும். கீழ்த்தளத்தின் பின்வரிசைகளில் மாடியின் அடிப்பாகமும் தூண்களும் பார்வையை மறைக்கும். டிக்கெட் பக்கத்தில் 'பார்வை மறையும்' என்று குறிப்பு இருந்தால் விலை குறைவாக இருக்கிறதே என்று பாய்ந்துவிடாதீர்கள். இடுப்புவலிக்காரர்கள் இருந்தால் ரைமனைப் பகல் சுற்றுலாவில் பார்த்துவிட்டு, இரவுக் கச்சேரிக்கு ஆப்ரிக்குப் போவது நல்லது.

அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பாட்டு புரியாமல் தூங்கிவிடமாட்டாரா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. தெலுங்கு கீர்த்தனையை வார்த்தை புரியாமல் ஐம்பது வருடம் கேட்டுத் தலையாட்டிய நம் அம்மாக்களுக்கு இது பெரிய தடையே இல்லை. இருந்தாலும் கன்ட்ரி பாட்டில் பாதி உயிர் கதையில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் முன்வேலை செய்யவேண்டும்.

இந்தப் பாட்டுகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று தெரிந்துகொண்டால் போதும். ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். இப்படி ஒரு பாட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பல்லவி, 'அந்தப் பழைய லாரி இன்னும் ஓடுது' என்கிற ஒரே வரி. முதல் சரணத்தில், பள்ளிக்கூட வாசலில் அப்பாவின் ஓட்டை லாரியிலிருந்து இறங்க வெட்கப்படும் பையன். பல்லவி. இரண்டாவது சரணத்தில், அதே லாரியில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். பல்லவி. மூன்றாவது சரணத்தில் அப்பா இல்லை, மகன் அந்த லாரியைக் கழுவிக்கொண்டிருக்கிறான். மறுபடி அதே பல்லவி. சொல் ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் மூன்றாவது முறை கேட்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். நல்ல கன்ட்ரி பாட்டுகளில் பலவும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. மூன்றாவது சரணத்தில் என்ன ஆகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

அன்றைக்கு யார் யார் பாடுகிறார்கள் என்ற பட்டியல் முன்கூட்டியே இணையதளத்தில் வந்துவிடும். அவர்களுடைய பிரபலமான பாட்டு ஆளுக்கு இரண்டு எடுத்துக் காரில் போகும்போதே போட்டுவிட்டு, கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம், கதை மட்டும். அம்மாவுக்கு நான் அப்படித்தான் செய்தேன். அன்றிரவு பட்டியலில் இல்லாத ஒரு பெரியவர் வந்து, தனியாக கிடாரை வைத்துக்கொண்டு மெதுவாக ஒன்று பாடினார். நான் கதை சொல்லாத பாட்டு. பாதியில் அம்மா என் காதருகே, "அவரோட அம்மா போயிட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம், அதுதான் பாட்டு.

சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

ஆப்ரிக்கு ஆறு ஏழு வயதுக்கு மேல் என்றால் கவலையே வேண்டாம். அதற்குக் கீழே என்றால் நடைபாதை ஓர இருக்கை எடுங்கள், மதியம் தூங்கவைத்துக் கூட்டிவாருங்கள்.

காது விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் காது தாங்கும், 100 டெசிபல் என்றால் பதினைந்தே நிமிஷம் என்பது அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அதுவும் பெரியவர்களுக்கு. ஆப்ரியில் சத்தம் மிதம்தான். ஸ்டேடியத்திலும் நாஷ்வில்லின் பிராட்வே தெருவில் இருக்கும் பார்களிலும் நூறைச் சர்வசாதாரணமாகத் தொடும். கட்டட வேலைக்காரர்கள் போட்டுக்கொள்வது போன்ற காதுமூடி குழந்தை அளவில் கிடைக்கிறது, விலை இருபது டாலருக்குள். பஞ்சு வைப்பதெல்லாம் உதவாது. என் மகளுக்கு நாலு வயதில் ஒரு திறந்தவெளிக் கச்சேரிக்கு இது இல்லாமல் கூட்டிப்போய், இரண்டாவது பாட்டிலேயே அழுகை. அரைமணியில் காருக்குத் திரும்பி, ஐந்து பேரின் டிக்கெட் காசு போனதுதான் மிச்சம்.

பிராட்வே தெருவில் இலவசமாகவே பாடுகிறார்களாமே?

ஆமாம். ஹாங்கி டாங்க் என்று சொல்லும் பாட்டு மேடையுள்ள பார்களில் பெரும்பாலானவற்றில் நுழைவுக் கட்டணம் இல்லை. காலை பத்து பதினொரு மணிக்கே பாட்டு தொடங்கிவிடும், நள்ளிரவு தாண்டியும் ஓடும். ஒவ்வொரு குழுவும் ஏறக்குறைய நாலு மணி நேரம் நின்று வாசிக்கும். மேடை முன்னால் ஒரு ஜாடியோ வாளியோ இருக்கும். அவர்களுக்கு வருமானம் பெரும்பாலும் அதில் விழும் பணம்தான். ஒரு பாட்டு ரசித்தாலும் குழந்தை கையில் ஐந்து டாலர் கொடுத்துப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இலவசம் என்று உட்கார்ந்து கேட்டுவிட்டு நழுவுவது அழகல்ல.

குடும்பத்தோடு போவதென்றால் பிற்பகல். சாயங்காலம் ஆனதும் 21 வயதுக்குக் குறைந்தவர்களைப் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் கேட்டுவிட்டு நுழையுங்கள். இரவில் அந்தத் தெரு குடிக்கூத்துதான், பெரியவர்களுக்கு ரசிக்காது. மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் இல்லாத கடையில், தன் மகிழ்ச்சிக்காக ஸ்டீல் கிடார் வாசிக்கும் ஒருவரை ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கமுடியும். பெரிய அரங்கில் கிடைக்காத சுகம் அது.

புளூபேர்ட் கஃபே பற்றி எல்லோரும் சொல்கிறார்களே?

கிரீன் ஹில்ஸ் பகுதியில் சலூன், துணிக்கடை வரிசையில் இருக்கும் சின்ன இடம். 1982இல் தொடங்கியது. தொண்ணூறு பேர்தான் உட்காரமுடியும். பாடலாசிரியர்கள் நாலு பேர் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, பிரபலங்கள் பாடிப் புகழ்பெற்ற தங்கள் பாட்டுகளைத் தாங்களே முறைவைத்துப் பாடுவார்கள். எந்தச் சூழ்நிலையில் எழுதினேன் என்றும் சொல்வார்கள். பேசினால் 'உஷ்' என்பார்கள், அதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். கார்த் புரூக்ஸ், டெய்லர் ஸ்விஃப்ட் இருவரும் இங்கே பாடித்தான் இசை நிறுவனத்தார் கண்ணில் பட்டார்கள். முன்பதிவு திறந்த சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். கைக்குழந்தையோடு போகவே போகாதீர்கள்.

ஜூன் மாதம் வருகிறோம். ஏதோ திருவிழா நடக்கிறதாமே?

சி.எம்.ஏ. என்ற கன்ட்ரி இசைச் சங்கம் நடத்தும் சி.எம்.ஏ. ஃபெஸ்ட். 1972இல் ரசிகர் சந்தை என்ற பெயரில் தொடங்கியது. நாலு நாள், பகலில் நகர மையத்தில் இலவச மேடைகள், இரவில் ஸ்டேடியத்தில் பெரிய பாடகர்கள். வெயில் கொளுத்தும், விடுதி வாடகை எகிறும். பெற்றோரைக் கூட்டிவருவதென்றால் அந்த வாரத்தைத் தவிர்க்கச் சொல்வேன். கல்லூரிப் பிள்ளைகளோடு என்றால் தாராளமாக வாருங்கள். ஸ்டேடியத்துக்குள் கைப்பை விதி கறாரானது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டுமே அனுமதி. மருந்து மாத்திரை இருந்தால் அதை வாசலிலேயே சொல்லிக் காட்டிவிடுங்கள்.

டிக்கெட் எங்கே வாங்குவது?

அரங்கத்தின் சொந்த இணையதளத்தில். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் மறுவிற்பனைக் கடை, அரங்கத்தின் தளம் மாதிரியே இருக்கும். ஒருமுறை அவசரத்தில் அப்படி ஒரு தளத்தில் வாங்கி ஏறக்குறைய இரட்டிப்பு விலை கொடுத்தேன், அதுவும் ஐந்து பேரும் ஐந்து மூலையில். அம்மாவை யாரோ இரண்டு கவ்பாய்களுக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டு நான் மாடியில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் அம்மாவுக்குப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தார்களாம், அது வேறு கதை.

டிக்கெட் போனில்தான் வரும். எல்லா டிக்கெட்டும் ஒருவர் போனில் இருந்தால் எல்லோரும் ஒன்றாகத்தான் நுழையவேண்டும். அதனால் பெரியவர்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போகிறவர் கையில் போன் போய்விடக்கூடாது. சக்கர நாற்காலி தேவை என்றால் வாங்கும்போதே அதற்கான இருக்கையைத் தேர்ந்தெடுங்கள்.

என்ன உடுத்துவது? அம்மா புடவையில் வரலாமா?

வரலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், இரண்டு பேராவது அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஏ.சி. குளிருக்கு ஒரு சால்வை அவசியம். கவ்பாய் தொப்பி ஆசை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பாட்டு நடக்கும்போது கழற்றி மடியில் வையுங்கள், பின்னால் இருப்பவரும் காசு கொடுத்திருக்கிறார். பிராட்வேயில் 'ஒரு ஜோடி வாங்கினால் இரண்டு ஜோடி இலவசம்' என்று பூட்ஸ் விற்பார்கள். குடும்பத்தில் மூன்று பேர் பங்குபோட்டால் லாபம்தான். ஆனால் வாங்கிய அன்றே போட்டுக்கொண்டு நடந்தால் மறுநாள் கொப்புளம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்கவேண்டும். இந்த ஊரில் 'மீட் அண்ட் த்ரீ' என்ற வகைச் சாப்பாட்டுக்கடை பிரபலம். ஒரு கறி, மூன்று காய்கறி. கறியை விட்டுவிட்டுக் காய்கறித் தட்டு மட்டும் கேட்டால் தருவார்கள். அங்கேதான் பொறி இருக்கிறது. பீன்ஸும் கீரையும் பன்றிக்கறித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பது இங்கே வழக்கம். "இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை, அது காய்கறி" என்பார்கள், அவர்கள் கணக்கில் அது இறைச்சியே இல்லை. "பன்றிக்கறி போட்டு வேகவைத்ததா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்காமல் என் மாமனார் அரைத்தட்டு பீன்ஸ் சாப்பிட்டபின் ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து "இது என்ன?" என்றார். அந்த மௌனத்தை இன்னும் மறக்கவில்லை.

வறுத்த வெண்டைக்காய் தைரியமாக வாங்கலாம் என்று பார்த்தால் அதிலும் ஒரு கேள்வி, எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்பது. மக்காச்சோள மாவு தடவிப் பொரித்திருப்பார்கள், எனக்கு உயிர். கறாரான சைவம் என்றால் புளிசாதம் கட்டிக்கொண்டு போய்க் காரில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெள்ளைக்காரர்கள் மட்டும் கூடும் இடமாயிற்றே, நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?

தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள், ஆனால் எல்லோரும் கேட்பார்கள். என் அனுபவத்தில் இதுவரை சங்கடம் எதுவும் நேர்ந்ததில்லை. பக்கத்து இருக்கைக்காரர் "எந்த ஊர்?" என்று ஆரம்பித்தால் பேரப்பிள்ளை வரைக்கும் பேசுவார். கூட்டத்தில் நம் நிறத்தில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள் என்பதும் உண்மை.

அதைவிடப் பழைய உண்மையும் ஒன்று இருக்கிறது. ஆப்ரியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பர். ரயில் ஓடுவதை அப்படியே மவுத் ஆர்கனில் வாசிப்பார். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போது கூட வாசித்த வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் அவருக்கு இடமில்லை. 1941இல் அவரை நீக்கிவிட்டார்கள். அதன்பின் காலணி மெருகேற்றும் கடை வைத்துப் பிழைத்தார். அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேலான பிறகு, 2005இல்தான் கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. சார்லி பிரைட் 1960களில் பாட வந்தபோது, கறுப்பர் என்று தெரிந்தால் வானொலிக்காரர்கள் போடமாட்டார்கள் என்று இசை நிறுவனம் அவர் படமில்லாமலே ஆரம்ப இசைத்தட்டுகளை அனுப்பியது. 1971இல் அவரே ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை வாங்கினார். பாஞ்சோ யாருடைய வாத்தியம் என்று மேலே சொன்னேனே, அதையும் சேர்த்து யோசித்தால் அந்த அரங்கில் யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடமுடியாது. பிள்ளைகள் வளர்ந்தவர்கள் என்றால் இதைப் போகும் வழியில் சொல்லுங்கள்.

எப்போது கைதட்டுவது? எழுந்து நிற்கவேண்டுமா?

பக்கத்தில் இருப்பவர் செய்வதைச் செய்யுங்கள். நல்ல வாத்தியத் தனிவாசிப்புக்குப் பாட்டு நடுவிலேயே கைதட்டலாம், நம் சபையைப் போலத்தான். அந்தக் காலத்து ஆப்ரியில் மின்னி பேர்ல் என்ற நகைச்சுவை நடிகை, ஒரு டாலர் 98 சென்ட் விலைச்சீட்டு தொங்கும் தொப்பியோடு வந்து "ஹவ்டீ!" என்று கத்துவார். கூட்டம் திருப்பிக் கத்தும். அவர் 1996இல் இறந்துவிட்டார், ஆனால் அந்தக் கூவல் இன்னும் உயிரோடு இருக்கிறது. யாராவது கத்தினால் நீங்களும் திருப்பிக் கத்துங்கள்.

படம் எடுக்கலாமா?

போனில் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். பெரிய லென்ஸ் கேமராவை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு பாட்டு எடுத்தால் போதும், அதுவும் மேடையை எடுக்காமல் அப்பா அம்மா முகத்தை எடுங்கள். மேடைப் படம் இணையத்தில் ஆயிரம் கிடைக்கும்.

பகல் முழுக்க என்ன செய்வது?

ஆப்ரி அரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஆப்ரிலேண்ட் விடுதி. கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஏக்கர் கணக்கில் தோட்டம், அருவி. தங்காதவர்களும் உள்ளே போய் நடக்கலாம், பெரியவர்களுக்கு வெயில் படாமல் இரண்டு மணி நேரம் போகும். நகரின் மேற்கே பெல்வியூ பகுதியில் கணேசர் கோயில் இருக்கிறது. காலையில் பிள்ளையார், மாலையில் ஆப்ரி என்று வைத்துக்கொண்டால் என் பெற்றோருக்கு முழுத் திருப்தி. கன்ட்ரி இசை அருங்காட்சியகமும் நன்று, ஆனால் நடை அதிகம். கச்சேரி அன்றைக்கு அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு மறுபடி கேட்கவேண்டும் என்கிறார். வழி உண்டா?

உண்டு. டபிள்யூ.எஸ்.எம். வானொலியை இணையத்தில் எங்கிருந்தும் இலவசமாகக் கேட்கலாம். கோடைக்காலத்தில் நாஷ்வில்லில் சனிக்கிழமை மாலை ஏழு மணி என்றால் தமிழ்நாட்டில் ஞாயிறு காலை ஐந்தரை. குளிர்காலத்தில் ஆறரை. ஊருக்குக் கிளம்பும் முன் அம்மாவின் போனில் அதைப் போட்டு, எங்கே அமுக்கவேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிடுங்கள். என் அம்மா காபி போடும்போது அதை ஓடவிடுகிறார். போன ஞாயிறு பேசும்போது, "விளம்பரம் படிக்கிறவர் அன்னைக்கு நாம பார்த்த அதே ஆள்தானே, கொஞ்சம் ஜலதோஷம் போலிருக்கு" என்றார்.